வயித்தைப் போட்டு ஏன் அப்படி அமத்துறாங்க?

வாவிக்கரையான் கேட்டது: 2025 ஒக்டோபர் 11, இரவு 10.20

போன கிழமை எங்களுக்கு முதல் பிள்ளை கிடைச்சது. சுகப்பிரசவம், தாயும் பிள்ளையும் நல்ல சுகம். ஆஸ்பத்திரிப் பேர் எழுதல்ல, ஆரையும் குறை சொல்லவும் வரல்ல. ஆனா ஒரு விசயம் மனசில கிடந்து உறுத்துது. பிள்ளை பிறந்த கையோட ஒரு நேர்ஸ் வந்து மனிசிட வயித்தைப் போட்டு அமத்தியிருக்கா. கால் மணித்தியாலம் போக மறுகாவும் வந்து அமத்தியிருக்கா. மறுகாவும். பெத்த நோவை விட இதுதான் நொந்தது எண்டு சொல்லி அழுகிறாள். பிள்ளையும் வந்திட்டுது, நச்சுக்கொடியும் வந்திட்டுது, பிறகு உள்ளுக்குள்ள என்ன கிடக்கு எண்டு அமத்துறாங்க? இது பழைய காலத்துப் பழக்கமா, இல்லாட்டி உண்மையிலயே தேவைதானா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழைய வார்ட்காரி: ஒக்டோபர் 11, இரவு 11.05

தேவை. அவங்க அமத்தினது வயித்தை இல்ல தம்பி, கர்ப்பப்பையை. இப்ப டியூட்டியில நிக்கிறன், நாளைக்கு விபரமா எழுதுறன்.

ஒக்டோபர் 12, மத்தியானம் 2.30

நித்திரை முறிச்ச கண்ணோட எழுதுறன், எழுத்துப்பிழை பாக்காதீங்க.

நச்சுக்கொடி கழண்டு வந்த இடம் ஒரு திறந்த புண். நிறைமாசத்தில கர்ப்பப்பைக்கு நிமிசத்துக்கு 500 தொடக்கம் 700 மில்லிலீற்றர் ரத்தம் ஓடும். அந்த ரத்தம் வந்த குழாய் வாயெல்லாம் இப்ப திறந்தபடி கிடக்கு. அதை அடைக்கிறது தையல் இல்ல, கர்ப்பப்பைட தசைதான். குறுக்கும் நெடுக்குமா ஓடுற தசைநார் சுருங்கும்போது இடையால போற குழாயை நெரிச்சுப் பிடிக்கும். சுருங்கினா ரத்தம் நிக்கும். தளர்ந்தா ஓடிக்கொண்டே இருக்கும். பிள்ளைப்பேத்துக்குப் பிறகு கூடுதலா ரத்தம் போறதுக்கு நாலு காரணம் படிச்சுத் தருவாங்க: தசை தளர்ந்தது, எங்கயும் கிழிஞ்சது, நச்சுக்கொடித் துண்டு உள்ள நிண்டது, ரத்தம் உறையாதது. பத்துப் பேருக்கு அப்படிப் போனா ஏழு பேருக்கு முதல் சொன்னதுதான் காரணம்.

அதான் கை வைக்கிறது. நச்சுக்கொடி வந்த பிறகு தொப்புளடியில கை வைச்சா, உரிச்ச தேங்காய் மாதிரி கெட்டியா ஒண்டு கையில பிடிபடவேணும். பிடிபட்டா சந்தோசம். மெத்துமெத்தெண்டு, எங்க தொடங்குது எங்க முடியுது எண்டே தெரியாமக் கிடந்தா, அங்கயே நிண்டு கையால தேய்ச்சுச் சுருங்க வைச்சு, உள்ள கட்டிபட்டுக் கிடக்கிற ரத்தத்தையும் வெளியில எடுக்கவேணும். முதல் 2 மணித்தியாலத்துக்கு கால் மணிக்கொருக்கா வந்து பாக்கிறது இதுக்குத்தான். பிறக்கும்போதே தொடையில ஒக்ஸிரோசின் ஊசி 10 யுனிற் போட்டிருப்பாங்க. அது தசையைச் சுருக்கிற மருந்து. ஆனா ஊசி போட்டாச்சு எண்டு போய் இருந்திடேலா. ஊசி வேலை செய்யுதோ இல்லையோ எண்டு கை சொல்லவேணும்.

ஊசி எண்டதும் ஞாபகம் வருது. அந்த மருந்து 2 தொடக்கம் 8 பாகை குளிரில இருக்கவேணும். 2022இல கரண்ட் வெட்டின காலத்தில பிரிஜ்ஜைத் திறக்கிற ஆக்களோட நான் பிடிச்ச சண்டை கொஞ்சநஞ்சம் இல்ல. தண்ணிப் போத்தல் வைக்கிறதுக்கெண்டு வந்து திறப்பாங்க.

ஒக்டோபர் 12, பின்னேரம் 4.10

சலத்தைப் பத்தி எழுதாம இந்தக் கதை நிறையாது.

கர்ப்பப்பை தளர்ந்து கிடந்தா மருந்துக்கு ஓட முதல் நான் கேக்கிறது, "மகள், சலம் போனீங்களா?" சலப்பை நிரம்பினா கர்ப்பப்பையை மேல தள்ளும், அனேகமா வலப்பக்கமா ஒதுக்கும், சுருங்க விடாது. தொப்புளுக்கு மேல, வலப்பக்கம் சரிஞ்சு கையில பட்டா எனக்கு மற்றக் கேள்வி தேவையில்ல.

ஆனா பெத்த பொம்பிளைக்கு சலம் போறது லேசான வேலையும் இல்ல. தையல் போட்ட இடம் எரியும். எழும்பினா தலை சுத்தும். எழும்பாதே எண்டு தாய் காதுக்குள்ள சொல்லியிருப்பா. பக்கத்துக் கட்டிலுக்குப் பாக்க வந்த ஆம்பிளையள் நிப்பாங்க. திரையை இழுத்துவிட்டு, பைப்பைத் திறந்து தண்ணி ஓடுற சத்தம் கேக்க விட்டு, இளஞ்சூட்டுத் தண்ணியைத் தொடையில மெல்ல ஊத்தி, நான் கொஞ்சம் தள்ளி மற்றப் பக்கம் பாத்துக்கொண்டு நிப்பன். முக்கால்வாசிப் பேருக்குப் போயிரும். போகாட்டி றப்பர் குழாய்தான். 6 மணித்தியாலத்துக்கு மேல விடுறதில்ல.

டிக்கெட்டில, அதான் கட்டில் குறிப்புத் தாளில, "சலம் போனது" எண்டு மட்டும் எழுதுற புதுப் பிள்ளையளுக்கு: எவ்வளவு எண்டு கேளுங்க. சொட்டுச் சொட்டா அடிக்கடி போகுது எண்டா, நிரம்பி வழியுது எண்டும் அர்த்தம் இருக்கு.

ஒக்டோபர் 13, இரவு 8.45

தாதியர் கல்லூரியில படிக்கிற ஒரு பிள்ளை தனியா எழுதிக் கேட்டிருக்கு: "மிஸ், ஒக்ஸிரோசின் போட்ட தாய்க்கு ரத்தம் போகாம இருக்கத் தொடர்ந்து வயித்தைத் தேய்க்கத் தேவையில்ல எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுதே? நீங்க மாறிச் சொல்லுறீங்களே?"

பிள்ளை படிச்சது சரி. 2012இலயே அப்படித்தான் எழுதியிருக்கு. அதே தாளில இன்னொண்டும் இருக்கு: கர்ப்பப்பை இறுக்கமா இருக்கா எண்டு எல்லாத் தாய்மாரையும் கை வைச்சுப் பாக்கச் சொல்லுது. பாக்கிறது வேற, தேய்க்கிறது வேற. கெட்டியா இருக்கிறதைப் போட்டுப் பிசையிறதில ஒரு பலனும் இல்ல, நோவுதான். தளர்ந்து ரத்தம் போனா, அப்ப தேய்க்கிறது வைத்தியம்.

வாவிக்கரைத் தம்பிட மனிசி சொன்னதில ஒரு நியாயம் இருக்கு எண்டு இப்ப யோசிக்கக்க படுது. அவளுக்குத் தளர்ந்திருந்ததோ, இல்லாட்டி கெட்டியா இருந்ததைத்தான் ஒருத்தி பழக்கதோசத்தில அமத்தினாவோ, இங்க இருந்து எனக்குச் சொல்லேலா. ரெண்டும் நடக்கிறதுதான். எதுவா இருந்தாலும் கை வைக்க முதல் சொல்லியிருக்கலாம்: "பிள்ள, கர்ப்பப்பை இறுகிட்டுதா பாக்கப்போறன், கொஞ்சம் நோகும், முழங்காலை மடிச்சுக்கொண்டு வாயால மூச்சு விடுங்க." முழங்காலை மடிச்சா வயித்துச் சதை தளரும், பாதி நோவு குறையும், எங்கட கைக்கும் லேசாப் பிடிபடும். இதைச் சொல்ல நேரமில்ல எண்டு எந்த நேர்ஸும் சொல்லேலா. சொல்லிப் பழகல்ல, அவ்வளவுதான்.

அதோட அந்தப் பொம்பிளைட கையையே பிடிச்சு வைச்சுக் காட்டலாம். "இதுதான் உங்கட கர்ப்பப்பை. இது மெதுவாப் போனா, சூடா ஏதும் வழியிறது மாதிரி இருந்தா, உடன கூப்பிடுங்க." ராவு வார்டில ரெண்டு நேர்ஸுக்கு எத்தினை கட்டில் எண்டு தெரிஞ்சவங்களுக்கு இந்த மூண்டாவது கைட அருமை விளங்கும்.

ஒக்டோபர் 14, காலை 6.50

"எவ்வளவு ரத்தம் போனா ஆபத்து?" எண்டு கேட்டவருக்கு.

புத்தகக் கணக்கு: சுகப்பிரசவத்துக்குப் பிறகு 24 மணித்தியாலத்தில 500 மில்லிலீற்றர். நாங்க படிச்ச காலத்தில 500 வந்தாத்தான் மணி அடிக்கிறது. 2025 ஒக்டோபரில உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச மகப்பேற்று வைத்தியர், மருத்துவமாதர் சங்கங்களும் சேர்ந்து விட்ட புது வழிகாட்டல், 300 போன உடனயே, நாடி பிரஷர் ஏதும் பிசகியிருந்தா வேலையைத் தொடங்கச் சொல்லுது. நான் அதுக்கு ரெண்டு கையும் தூக்குறன்.

கணக்கு லேசு, அளக்கிறதுதான் கஸ்டம். மெத்தையில ஊறினது, சீலையில பிடிச்சது, வாளிக்குள்ள சலத்தோட கலந்தது, இதையெல்லாம் கண்ணால பாத்து "ஒரு 300 இருக்கும்" எண்டு எழுதுவாங்க. கண் எப்பவும் குறைச்சுத்தான் சொல்லும். கூடப் போகப்போக இன்னும் குறைச்சுச் சொல்லும்.

இதுக்கு ஒரு சாமான் இருக்கு. தாய்க்குக் கீழ விரிக்கிற பிளாஸ்டிக் விரிப்பு, நுனியில ஒரு பை, பையில அளவுக்கோடு. கென்யா, நைஜீரியா, தன்சானியா, தென்னாபிரிக்கா எண்டு நாலு நாட்டில 80 ஆஸ்பத்திரியில அதை வைச்சுப் பாத்து 2023இல முடிவு வந்தது. விரிப்பால அளந்து, கூடினா ஒவ்வொண்டாச் செய்து பாத்துக்கொண்டிராம தேய்க்கிறது, ஒக்ஸிரோசின், ட்ரனெக்ஸாமிக் அசிட், சேலைன், கிழிவு பாக்கிறது எல்லாத்தையும் ஒரே கட்டாச் செய்தாங்க. பாரதூரமான கேடு 60 சதவீதம் குறைஞ்சது. புது மருந்து ஒண்டும் இல்ல. எல்லாம் அலுமாரியில ஏற்கனவே இருந்ததுதான்.

விரிப்பு இல்லாத இடத்தில பேட், சீலை எல்லாத்தையும் நிறுங்க. காய்ஞ்ச நிறையைக் கழிச்சா, ஒரு கிராமுக்கு ஒரு மில்லிலீற்றர் எண்டு வைக்கலாம். பிள்ளை நிறுக்கிற தராசே போதும்.

ஒக்டோபர் 14, இரவு 9.15

மேல ட்ரனெக்ஸாமிக் எண்டு பேரை மட்டும் எழுதிட்டுப் போயிட்டன். அது உறைஞ்ச ரத்தத்தைக் கரைய விடாத மருந்து. அதுக்கு நேரக்கணக்கு இருக்கு. 2017இல 20,060 தாய்மாரை வைச்சுச் செய்த பெரிய ஆய்வில, பிறந்து 3 மணித்தியாலத்துக்குள்ள குடுத்தாத்தான் உயிர் காக்குது எண்டு கண்டாங்க. 1 கிராம், நரம்பில, மெதுவா. பிந்தினா பலனில்ல. அதால டிக்கெட்டில பிள்ளை பிறந்த நேரத்தை விளங்குற எழுத்தில எழுதுங்க. டொக்டர்மாருக்கும் சேர்த்துத்தான் சொல்லுறன்.

ஒக்டோபர் 15

"பிரஷர் நல்லா இருக்கு, பயப்பட ஒண்டுமில்ல எண்டாங்க, ஒரு மணித்தியாலத்தில ஐ.சி.யூ எண்டாங்க, எப்படி?" எண்டு ஒருத்தர் எழுதியிருக்கார். எந்த ஆஸ்பத்திரி எண்டு நான் கேக்கவும் இல்ல.

இளம் பொம்பிளையள்ட உடம்பு கடைசி வரைக்கும் தாக்குப்பிடிக்கும். ரத்தம் குறையக்க இதயம் வேகமா அடிச்சு, கைகால் ரத்தத்தை உள்ளுக்கு இழுத்து, பிரஷரை விழாமப் பிடிச்சு வைச்சிருக்கும். பிறகு ஒரேயடியா விழும். முதல்ல காட்டிக் குடுக்கிறது நாடி. பிரஷர் 110, நாடி 90, சரி. பிரஷர் அதே 110, நாடி 120 எண்டா நான் கட்டிலை விட்டு அசைய மாட்டன். மேல் பிரஷரை விட நாடி கூடிட்டுது எண்டா கூப்பிடவேண்டிய எல்லாரையும் கூப்பிடுற நேரம். வீ.ஓ.ஜி, அதான் பெரிய மகப்பேற்று டொக்டர், திட்டினாலும் பரவாயில்ல.

மெசினை மட்டும் நம்பி நாடியில விரல் வைக்காத தலைமுறை ஒண்டு வருது. கை குளிர்ந்திருக்கா, வேர்த்திருக்கா எண்டு மெசின் சொல்லாது. "மிஸ், எனக்கு என்னமோ மாதிரி இருக்கு" எண்டு தாய் சொன்னா அதையும் ஒரு அளவீடா எடுங்க.

ஒக்டோபர் 15, கொஞ்சம் பிறகு

லேபர் ரூமில தலை சுத்தின ஆம்பிளைக்கும் சேலைன் ஏத்துவாங்களோ எண்டு பகிடியாக் கேட்டவருக்கு: இல்ல தம்பி, ஆம்பிளையளுக்கு லேபர் ரூமில தலை சுத்தினா அதுக்கு வேற சேலைன் இல்ல. வெளியில வாங்கில இருந்து சோடா குடிக்கவேண்டியதுதான்.

ஒக்டோபர் 17

வார்டுக் கதை போதும். வீட்டுக்கு வருவம்.

சுகப்பிரசவம் எண்டா மறுநாளே துண்டு வெட்டி வீட்டுக்கு விடுவாங்க. ஆபத்தையும் வார்டிலயே விட்டுட்டு வாறமா எண்டா இல்ல. 24 மணித்தியாலம் தாண்டி 6 கிழமைக்குள்ள திரும்ப ரத்தம் போறது இருக்கு, அனேகமா ரெண்டாம் கிழமையில. உள்ள நிண்ட துண்டு, இல்லாட்டிக் கிருமி. சிவப்பா போனது நாலஞ்சு நாளில மண்ணிறமாகி, பிறகு வெளுத்துப் போகவேணும். வெளுத்தது திரும்பவும் புதுச் சிவப்பாகி, பேட் ஒரு மணித்தியாலத்தில நனைஞ்சா 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்க. காசில்ல.

மற்ற ஊர்க் கதையில பிள்ளை பெத்தவளை ஆட்டிப்படைக்கிறது மாமி. நம்மட மட்டக்களப்புப் பக்கம் அப்படி இல்ல. மாப்பிள்ளைதான் பொண்டாட்டி வீட்டோட வாறது. அதால காவலுக்கு நிக்கிறது பெத்த தாயும் பெத்தாவும், அதான் அம்மம்மாவும். மாமி எண்டா மனிசனை விட்டுக் கதைக்கலாம். பெத்தாவோட ஆர் கதைக்கிறது? தண்ணி குடுத்தா வயிறு ஊதும், புண் ஆறாது எண்டு நாளைக்கு ரெண்டு மூண்டு சிரட்டைத் தண்ணியோட நிப்பாட்டி வைப்பா. பால் குடுக்கிற உடம்பு, ஒக்டோபர் வெக்கை. மலம் இறுகி, தையல் இழுபட்டு, சலம் எரிஞ்சு, ரத்தமும் தடிச்சுப் போய் வந்து நிப்பாங்க.

நான் பெத்தாவோட வாதாடுறதை விட்டு கனகாலம். கொத்தமல்லி போட்டுக் கொதிக்க வைச்ச தண்ணி எண்டு சொல்லுவன். மருந்துத்தண்ணி எண்டா எவ்வளவும் குடுக்கலாம் அவட கணக்கில. ஒரு சுடுதண்ணிப் போத்தல் நிறைய ஊத்தி வைச்சு, பின்னேரத்துக்குள்ள முடிக்கவேணும் எண்டு பெத்தாவிட்டயே பொறுப்புக் குடுத்திடுவன். ஒரு சொட்டு மிஞ்சாது.

ஒக்டோபர் 18

நேத்து எழுதினதைப் பாத்திட்டு ரெண்டு பேர் "பத்தியம் எல்லாம் மூடநம்பிக்கை" எண்டு கொடி பிடிச்சிருக்காங்க. நான் அப்படிச் சொல்லல்ல.

மிளகு, உள்ளி, மஞ்சள் போட்டுக் காய்ச்சின கறியால ஆருக்கும் கேடு வந்து நான் காணல்ல. பால்சுறா வறையும் முருங்கையிலையும் நல்ல சாப்பாடு. ரத்தம் இழந்தவளுக்கு மீன், முட்டை, கீரை எல்லாம் வேணும். அதையும் மறிச்சு, வெறும் சோறும் ஒரு கறியும் எண்டு மாசக்கணக்கா வைக்கிறதைத்தான் நான் குறை சொல்லுறது. வேதுத் தண்ணியில குளிக்கிறதும் சரிதான், சுகமா இருக்கும். அந்தக் கொதிதண்ணியை உசரத்தில இருந்து அடிவயித்தில அடிச்சு ஊத்துறதை விடுங்க. சீசர் பண்ணின வயித்துக்குச் செய்யவே கூடாது. வயித்துக்குச் சீலை கட்டுறது இடுப்புக்கு ஒரு பிடிமானம், மூச்சு முட்டாமக் கட்டுங்க.

31 நாள், முஸ்லிம் வீட்டில எண்டா 40 நாள், ஒருத்தியைக் கிணத்தடிக்கும் அடுப்படிக்கும் விடாம வைச்சிருக்கிறதில எவ்வளவு பெரிய பாதுகாப்பு இருக்கு எண்டு, கொழும்பில தனிய ஒரு அனெக்ஸில பிள்ளையோட கிடந்த என்ட மருமகளைப் பாத்த பிறகுதான் எனக்கு நல்லா விளங்கினது. அங்க நல்ல ஆஸ்பத்திரி இருந்தது, ஒரு பெத்தா இல்ல.

ஒக்டோபர் 20, இரவு

தலையிடி. இதைத் தனியா எழுதவேணும்.

கர்ப்பத்தில பிரஷர் இருந்தவளுக்கு பிள்ளை பிறந்த உடன எல்லாம் சரி எண்டுதான் எல்லாரும் நினைக்கிறது. பிறந்து 3 தொடக்கம் 6 நாளுக்குள்ளதான் பிரஷர் திரும்ப உச்சிக்கு ஏறுறது. அந்த நேரம் அவள் வீட்டில. முதல்ல பிரஷரே இல்லாதவளுக்கும் வரலாம், 6 கிழமை வரைக்கும்.

வாவிக்கு மேற்கால, படுவான்கரைப் பக்கத்து வீடு ஒண்டு. பிறந்து அஞ்சாம் நாள். தலையிடி எண்டிருக்கிறாள். குளிச்ச ஈரம் தலையில நிண்டுட்டுது எண்டு தாய் சித்தாலேப பூசி, சீலையால தலையை இறுக்கிக் கட்டி, சாக்கு மறைச்ச இருட்டு அறையில படுக்க வைச்சிருக்கா. அண்டைக்கு மிட்வைஃப் வீட்டுக்கு வாற நாள். முதல் 10 நாளுக்குள்ள ரெண்டு தரம் வரவேணும் எண்டு கணக்கு. மூண்டாம் கிழமை அளவில ஒருக்கா, 42ஆம் நாள் அளவில இன்னொருக்கா. வந்தவ பிள்ளையை நிறுத்திட்டுப் போகாம அறைக்குள்ள போயிருக்கா. "கண்ணுக்குள்ள மின்னுதா? நெஞ்சுக்குழிக்குக் கீழ நோகுதா?" ரெண்டுக்கும் ஓம். பிரஷர் 170க்கு 110. அங்க நிண்டே 1990க்கு அடிச்சு, ஆஸ்பத்திரிக்கும் சொல்லி ஏத்தி விட்டிருக்கா. எங்களிட்ட வந்து சேரக்க முகம் அதைச்சு, வெளிச்சத்தைப் பாக்கேலாமக் கையால கண்ணைப் பொத்திக்கொண்டு கிடந்தாள். அந்தப் பிரஷரால வலிப்பு வர முதல் மருந்து ஏறிட்டுது.

அந்த மருந்து மக்னீசியம் சல்பேற். முதல்ல 4 கிராம் மெதுவா, பிறகு மணித்தியாலத்துக்கு 1 கிராம். வலிப்பைத் தடுக்கிற அதே மருந்து கூடினா மூச்சை நிப்பாட்டும். ஒவ்வொரு மணித்தியாலமும் முழங்கால் தட்டினா கால் துள்ளுதா, நிமிசத்துக்கு 16 மூச்சாவது வருதா, சலம் மணித்தியாலத்துக்கு 30 மில்லிலீற்றருக்குக் குறையாம வடியுதா எண்டு பாக்கவேணும். தட்டுற சுத்தியல் எந்த வார்டிலயும் தேவைப்படக்க கிடைக்காது, ஸ்டெதஸ்கோப் விளிம்பால தட்டிப் பாக்கிறதுதான். கால் துள்ளல்ல எண்டா மருந்தை நிப்பாட்டு, டொக்டரைக் கூப்பிடு. கல்சியம் குளுக்கோனேற் 1 கிராம் தலைமாட்டில எடுத்து வைச்சிருக்கவேணும். அலுமாரியில பூட்டி, திறப்பு சிஸ்டரிட்ட, சிஸ்டர் ரவுண்டில எண்டு இருக்கக்கூடாது.

ஒக்டோபர் 21

மட்டக்களப்பார் மந்திரத்தால வந்த ஆளைப் பாயோட ஒட்ட வைச்சிருவாங்க எண்டு ஊரெல்லாம் பகிடி பண்ணுது. பண்ணட்டும். பிள்ளை பெத்தவளை மட்டும் பாயோட ஒட்ட வைக்காதீங்க. அசையாமக் கிடந்தா கால் நரம்பில ரத்தம் கட்டும், அனேகமா இடக்காலில. சீசர் பண்ணினவளுக்கு இன்னும் கூட. ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச்சதை நொந்து சூடா இருந்தா எண்ணெய் போட்டு உருவவேணாம். கட்டின ரத்தம் உருவ உருவக் கழண்டு நெஞ்சுக்குப் போகலாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாங்க. திடீரெண்டு மூச்சு வாங்கினா வாகனம் தேடிக்கொண்டு நிக்கவேணாம், 1990.

ஒக்டோபர் 24

காய்ச்சல் கேட்டவருக்கு. 38 பாகைக்கு மேல போனா பனடோலைக் குடுத்திட்டுப் பாத்துக்கொண்டிருக்கிற காய்ச்சல் இல்ல அது. துடக்கு ரத்தத்துக்கு ஒரு மணம் உண்டு, அது வேற. கிட்டப் போகேலாத நாத்தமும் அடிவயித்து நோவும் குளிர் நடுக்கமும் சேர்ந்தா கர்ப்பப்பையில கிருமி. அண்டைக்கே வாங்க.

மார்பு கட்டி, ஒரு பக்கம் சிவந்து காய்ச்சல் வந்தா பால் குடுக்கிறதை நிப்பாட்டவேணாம். நோகிற பக்கத்திலயும் குடுங்க. பிள்ளைக்கு ஒண்டும் செய்யாது. பால் தேங்கினாத்தான் சீழ் வைக்கும். மருந்து வேணுமோ எண்டு டொக்டர் சொல்லட்டும்.

கை கழுவுறது பத்தி ஒரு பழைய கதை. 1847இல வியன்னாவில செம்மல்வைஸ் எண்ட டொக்டர் ஒண்டு கண்டுபிடிச்சார். மருத்துவிச்சியள் பாத்த வார்டில தாய்மார் சாகிறது குறைவு, டொக்டர்மாரும் மாணவரும் பாத்த வார்டில கூட. அவங்க பிணம் வெட்டின கையோட வந்து பிள்ளைப்பேறு பாத்திருக்காங்க. குளோரின் தண்ணியில கை கழுவ வைச்சார், சாவு குறைஞ்சது. அதுக்கு அவரைப் புகழ்ந்தாங்களா எண்டா இல்ல, வேலையும் போச்சு. எங்கட வார்டு சிங்குக்கு மேல அவர்ட படம் ஒண்டு கொழுவினா என்ன எண்டு நான் கனநாளா யோசிக்கிறன்.

பிள்ளையைப் பாக்க வாற சனத்துக்கும் இதே சட்டம். வாசலில சவுக்காரம் வையுங்க. கோவிச்சா கோவிக்கட்டும்.

ஒக்டோபர் 27

பேர் சொல்ல விரும்பாத ஒரு தங்கச்சி கல்முனைப் பக்கம் இருந்து எழுதியிருக்கு. பிள்ளையைப் பாத்தா ஒண்டும் தோணுதில்லையாம். நித்திரை இல்ல. உம்மாவும் ராத்தாவும் "நாவூறு" எண்டு ஓதிப் பாக்கினமாம்.

மூண்டாம் நாலாம் நாள் காரணமில்லாம அழுகை வாறது அனேகம் பேருக்கு உண்டு, ரெண்டு கிழமைக்குள்ள தானாப் போயிரும். ரெண்டு கிழமை தாண்டியும் விடல்ல எண்டா அது மனச்சோர்வு எண்ட நோய். உங்கட குறை இல்ல, ஈமான் குறைஞ்சதும் இல்ல. எடின்பரோ எண்டு 10 கேள்வி உள்ள ஒரு தாள் இருக்கு, மிட்வைஃபிட்டயோ கிளினிக்கிலயோ கேளுங்க. பத்தாவது கேள்வி, தனக்குத்தானே ஏதும் செய்துகொள்ளுற நினைப்பு வந்ததா எண்டு கேக்கும். அதுக்கு உண்மையைச் சொல்லுங்க. நேருக்கு நேர் கதைக்க மனமில்லாட்டி 1926 எண்ட மனநல உதவி இலக்கத்துக்கு அடிக்கலாம், எந்த நேரமும் ஆள் இருக்கும்.

ஓதுறதையோ கழிப்புக் கழிக்கிறதையோ நான் மறிக்கிறதில்ல. மனசுக்கு ஆறுதல் எண்டா செய்யட்டும், மருந்தோட சேர்த்துச் செய்யட்டும். ஒண்டு மட்டும் வேற. பிறந்து ரெண்டு கிழமைக்குள்ள ஒருத்தி நித்திரையே இல்லாம, சம்பந்தமில்லாமக் கதைச்சு, இல்லாத குரல் கேக்குது எண்டா, அது அண்டைக்கே ஆஸ்பத்திரி. பிள்ளையோட தனிய விடவே கூடாது. பூசாரி நாளைக்கு வரட்டும்.

தங்கச்சி, நீங்க எனக்குத் திரும்ப எழுதுங்க.

நவம்பர் 1

மாரி தொடங்கிட்டுது, அதால இது. மண்முனைப் பாலம் 2014இல வர முதல், வாவிக்கு அங்கால இருந்து நோவோட வாற பொம்பிளை பாதையில, அதான் ஆக்களை ஏத்தி வாற மிதவையில, ஏறவேணும். பாதை அந்தக் கரையில நிண்டா இந்தக் கரையில காத்து நிக்கவேணும். இப்ப பாலம் இருக்கு, ஆனா வெள்ளம் வந்தா உள்வீதி இன்னும் தண்ணிக்குள்ளதான். நாள் கிட்டின தாய்மாரை முந்தியே கொண்டுவந்து சேருங்க எண்டு மிட்வைஃப்மார் சொல்லுறது இதுக்குத்தான்.

தூர ஆஸ்பத்திரியில இருந்து மாத்தி அனுப்பக்க வழியில என்ன செய்யிறது எண்டு அந்தப் படிக்கிற பிள்ளை கேட்டது. ரத்தம் நிக்காட்டி கொண்டத்தை, அதான் ஆணுறையை, றப்பர் குழாய் நுனியில கட்டி, கர்ப்பப்பைக்குள்ள வைச்சு, சேலைனால ஊதவைச்சு உள்ளுக்கிருந்து அமத்துறது. வங்காளதேசத்து டொக்டர் சயீபா அக்தர் கண்டுபிடிச்ச வழி. டாக்காவில விலை கூடின பலூன் வாங்க வழியில்லாமச் செய்தது, இப்ப உலகமெல்லாம் போயிட்டுது. அதுவும் இல்லாட்டி ரெண்டு கை இருக்கு: ஒண்டு உள்ளுக்கு, ஒண்டு வயித்துக்கு மேல, நடுவில கர்ப்பப்பையை நெரிச்சுப் பிடிச்சபடி. அம்புலன்ஸ் தியேட்டர் வாசலுக்கு வருமட்டும் அப்படியே பிடிச்சுக்கொண்டு வந்த ஒருத்தியோட நான் வேலை செய்திருக்கிறன். இறங்கக்க அவவுக்கு விரலை விரிக்கேலாமப் போச்சு. அந்தத் தாய் இப்ப கல்லாத்தில கடை வைச்சிருக்கா.

நவம்பர் 8

வாவிக்கரைத் தம்பி கேட்டது ரெண்டு.

தையல்: அது கரையிற நூல், பிடுங்கத் தேவையில்ல. துண்டு துண்டா பேட்டில வந்தா பயப்படவேணாம். சீழ் வந்தா, தையல் வாய் பிரிஞ்சா, மலமோ காத்தோ அடக்கேலாமப் போனா கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்க. கடைசியா சொன்னதை வெக்கத்தில கனபேர் சொல்லுறதில்ல, நீங்களே கேளுங்க.

குளிசை: இரும்பும் கல்சியமும் ஆறு மாசத்துக்கும் குடிக்கவேணும், பாதியில விடக்கூடாது. இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோட குடுத்தா உடம்பில பிடிக்காது, முன்னுக்கும் பின்னுக்கும் ஒரு மணித்தியாலம் விடுங்க. தேசிக்காய்த் தண்ணியோட குடுத்தா நல்லம். கல்சியத்தையும் அதோட சேர்க்கவேணாம், ஒண்டு பகலைக்கு, மற்றது ராவைக்கு. மலம் கறுப்பாப் போகும், அது இரும்புதான்.